பதினொன்றாம் தூண்

பிப்ரவரி 9

பாப்பாவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடத் தோன்றியிருக்கும். கிழி. படித்துவிட்டுக் கிழி. போனில் கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவாய் என்றுதான் காகிதத்தை எடுத்தேன். நாற்பத்தொன்பது வயதுக்காரியைப் பாப்பா என்று எழுத எனக்கே சிரிப்பு வருகிறது. உன் அண்ணன் அப்படித்தான் கூப்பிடுவார், எனக்கும் நாக்கில் அதுதான் வருகிறது.

மேல்ரோட்டை இடிக்கப் போகிறார்களாமே. செய்தியில் வந்ததும் என் மகள் டக்கென்று டிவியை அணைத்தாள். என்னடி என்று கேட்டால் "ஒண்ணுமில்லம்மா, விளம்பரம்" என்கிறாள். விளம்பரத்துக்கு யாருக்காவது முகம் வெளுக்குமா? பக்கத்து வீட்டில் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தூண்களில் கம்பி துருப்பிடித்துவிட்டதாம், இனி லாரியைத் தாங்காதாம். சந்தை முனையில் ஆரம்பித்து நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி முனை வரை இடித்துத் தள்ளிவிட்டுத் தரையிலேயே அகலமாக ரோடு போடப் போகிறார்களாம்.

பதினொன்றாம் தூணை உடைக்கும்போது நீ பக்கத்தில் நிற்க வேண்டும்.

முடிந்தால் நானே வந்து நிற்பேன். முட்டி இரண்டும் போய்விட்டது. மூன்று மாடி இறங்க மகளின் தோள் வேண்டியிருக்கிறது. அவள் என்னை அந்த ஊர்ப் பக்கமே விடமாட்டாள். தூணுக்கடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன் என்று கடைக்காரர்கள் எனக்குத் தூண்காரி என்று பேர் வைத்தது அவள் காதில் விழுந்த வாரமே மூட்டை கட்டி என்னை இங்கே கொண்டுவந்து போட்டாள்.

உனக்கு அது சலவைக்கூடத்து ஜன்னலில் நின்றால் தெரிகிற தூண். நான் அங்கே உட்கார்ந்திருந்த காலத்தில் ஜன்னலில் உன் தலை தெரியும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் இறங்கி வந்தாயா?

உன் அண்ணன் ஓடிப்போகவில்லை. ரோடு கட்டுகிற வேலைக்குப் போனவர், அந்தத் தூணுக்குள் இருக்கிறார். இருபத்தேழு வருஷமாகத் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குக் காண்டிராக்டர் ஆபீசில் நீ அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் கலவை காய்வதற்குள் தோண்டிப் பார்த்திருப்பார்கள். "அண்ணி வாய்க்குப் பயந்து அண்ணன் ஓடிட்டாரு." நீ சொன்னதும் அந்த மேனேஜர் பேனாவை மூடி வைத்தானே, எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "வீட்டு ஆளே சொல்லுது, அப்புறம் எங்களை என்னம்மா செய்யச் சொல்றே?" என்றான்.

நின்று பார். இருக்கிறாரா என்று எழுது. அதற்குப் பிறகு நீ யாரோ நான் யாரோ.

உன் அண்ணி


பிப்ரவரி 21

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. படித்துவிட்டு இரண்டு நாள் வார்டு வாரியாகப் போகவேண்டிய படுக்கை விரிப்புகளை மாற்றி மாற்றி அனுப்பி, சூப்பரின்டெண்டிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உங்களால் என்னைத் திட்டு வாங்கவைக்க முடிகிறது.

நான் சொன்னது பொய்யில்லை. உங்கள் மகளோடு சேர்த்து நாம் நாலு பேரும் ஒரே அறையில் இருந்தோம், நடுவில் ஒரு பழைய சேலைதான் தடுப்பு. அதற்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். "இந்த வீட்ல உன் தங்கச்சி இருக்கணும், இல்ல நான் இருக்கணும். சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லு." இதைச் சொன்னது நீங்கள்தானே? அண்ணன் எழுந்தார். சாப்பாட்டு டப்பாவைத் தொடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் வந்தது, அவர் வரவில்லை. நான் வேறென்ன நினைக்க? இருபத்திரண்டு வயது எனக்கு. என்னால்தான் போனார் என்று நினைப்பதைவிட உங்களால் போனார் என்று நினைப்பது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

சைக்கிள் எங்கே, சொல்லுங்கள். கலவைக்குள் விழுகிற மனிதர் சைக்கிளையுமா எடுத்துக்கொண்டு விழுவார்?

அந்த வார்த்தையால் நான் ஒன்றும் மாளிகை கட்டவில்லை. ஓடிப்போனவன் தங்கச்சி என்று, வந்த சம்பந்தமெல்லாம் வாசலோடு திரும்பிப் போனது. அந்தப் பேரை எனக்கு நானே வைத்துக்கொண்டேன் என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, நானேதான்.

அது ஒரு ரோடு, அதற்கு ஒரு இடிப்பு. துறைமுகத்திலிருந்து விமான நிலையம் வரைக்கும் என்று வரைந்தார்கள். அதற்காகத்தான் நம் தெரு உட்படப் பதினெட்டுத் தெருவை வழித்தார்கள். துறைமுகப் பக்கத்துப் பெரிய மனிதர்கள் கோர்ட்டுக்குப் போனதும் அந்தப் பக்கத்தை வெட்டினார்கள். ஆட்சி மாறியதும் விமான நிலையப் பக்கத்தை வெட்டினார்கள். தலையும் இல்லை, காலும் இல்லை, நடு முண்டம் மட்டும் சந்தையிலிருந்து ஆஸ்பத்திரி வரை. வண்டியில் ஏறி ரேடியோ போட்டால் ஒரு பாட்டு முடிவதற்குள் ரோடு முடிந்துபோகும். ஆஸ்பத்திரி முனையில் கம்பியை நீட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்கிறது. ஆம்புலன்ஸ்காரர்கள்கூட அதில் ஏறுவதில்லை, கீழே போனால்தான் சீக்கிரம் என்கிறார்கள். இதற்காக ஒரு மனிதர் செத்தார் என்று நினைக்கவே எனக்கு வயிறு எரிகிறது. அதனாலும்தான் நான் நம்பவில்லை.

நிற்கிறேன். உங்களுக்காக இல்லை. காலியாக இருப்பதை என் கண்ணால் பார்த்து உங்களுக்கு எழுத வேண்டும்.

பாப்பா


மார்ச் 4

பாப்பாவுக்கு,

நிற்கிறேன் என்று சொன்னாயே, அது போதும். மற்றதெல்லாம் நீ எழுதின மாதிரியே இருக்கட்டும். ஆமாம், நான்தான் சொன்னேன், சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லு என்று. கட்டின புருஷனிடம் சண்டை போடாத பொம்பளை யார்? ஊரில் சண்டை போட்ட ஆம்பளையெல்லாம் ஓடினால் பஸ்ஸில் இடம் இருக்குமா?

சைக்கிள் சைக்கிள் என்று இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாய். அந்தச் சாயங்காலம் நாம் ஆபீசுக்குப் போனபோது சைக்கிள் தகர வேலிக்கு உள்ளே சாய்ந்து நின்றது. நான் பார்த்தேன். இடது பெடலில் ரப்பர் கிடையாது, நம் சைக்கிள்தான். நீ அழுதுகொண்டிருந்தாய், உனக்கு எதுவும் தெரியாது. மறுநாள் காலையில் போனால் இல்லை. உடனே நீ என்ன சொன்னாய்? ராத்திரியில் வந்து எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்றாய். வீட்டுக்கு வர மனசில்லாதவருக்கு அந்த ஓட்டைச் சைக்கிள் மேல் அவ்வளவு பாசமா? எவனாவது திருடியிருப்பான்.

அவர் வேலை உனக்குச் சரியாகத் தெரியாது. கலவை கொட்டக் கொட்ட வைப்ரேட்டரை உள்ளே விட்டு ஆட்டி, அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். குழிக்குக் குறுக்கே போட்ட ஒற்றைப் பலகையில் நின்றுதான் செய்வார். அன்று மத்தியானம் ஊற்றியதே மழை, எல்லாரும் கொட்டகைக்கு ஓடியிருக்கிறார்கள். கலவை லாரி மட்டும் நிற்கவில்லை. அவரோடு வேலை செய்த நெட்டையன் இரண்டு நாள் கழித்துச் சந்தில் என்னை மடக்கி, "பதினொண்ணுலதான் நின்னாரு அண்ணி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான். அதற்குப் பிறகு அவனையும் காணவில்லை, வேறு ஊர் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேலிக்குள் என்னை ஒரு நாளும் விடவில்லை. ரோட்டைத் திறந்து தகரத்தைப் பிரித்த அன்றைக்குத்தான் ஒவ்வொரு தூணாகப் போய், வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்த எண்ணைப் படித்துக்கொண்டே வந்தேன். பதினொன்று. உன் ஆஸ்பத்திரி வாசலில்.

உடைக்கிறவர்களிடம் மெதுவாக உடைக்கச் சொல். மேலே ஆள் இல்லை என்று நினைத்து இடிக்காதே, உள்ளே ஆள் இருக்கிறார் என்று நினைத்து இடி என்று சொல்.

அண்ணி


ஏப்ரல் 11

அண்ணிக்கு,

திங்கள்கிழமை ஆரம்பித்து நேற்றோடு பதினொன்றாம் தூண் முடிந்தது. ஐந்து நாளும் லீவு போட்டுவிட்டு நின்றேன்.

இடிப்பு மேஸ்திரி முதலில் "இங்கல்லாம் நிக்கக் கூடாதும்மா, தூசு, போங்க போங்க" என்று விரட்டினார். என்ன விஷயம் என்று சொன்னதும் தொப்பியைக் கழற்றினார். பிறகு பிரேக்கர் ஓட்டுகிறவனைக் கூப்பிட்டு, "மேலேர்ந்து ஒரு அடி ஒரு அடியா எடு. அவசரப்பட்டே, உன்னை இறக்கிட்டு நானே ஓட்டுவேன்" என்றார். ஒரு இன்ஜினியர் பெண் இருக்கிறாள், உங்கள் மகள் வயதுதான் இருக்கும். அவளே எனக்கு ஒரு ஹெல்மெட் போட்டுவிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

நான் உட்காரவில்லை. உங்களிடம் மறைக்காமல் எழுதுகிறேன். ஜெயித்துவிட்டு உங்களுக்கு நறுக்கென்று நாலு வரி எழுத வேண்டும் என்றுதான் போனேன். முதல் துண்டு விழுந்ததும் அதெல்லாம் மறந்துபோனது. இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று ஐந்து நாளும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே இருந்தால் அவரை மூடி வைத்தது கலவை இல்லை, என் வார்த்தை. அதை வைத்துக்கொண்டு நான் எப்படி வாழ்வது?

இல்லை அண்ணி. தூண் முழுக்கப் பார்த்தாகிவிட்டது. அடிமேடையையும் தோண்டிப் பிளந்து காட்டினார்கள். கல், கம்பி, துரு. வேறொன்றும் இல்லை. அந்த இன்ஜினியர் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லைன்னா நல்லதுதானேம்மா?" என்றாள்.

நல்லதுதான். அண்ணன் சாகவில்லை. அன்றைக்கு எங்கேயோ போயிருக்கிறார். அதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை, சத்தியமாக.

பாப்பா


ஏப்ரல் 23

பாப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது.

அப்படியென்றால் நீ சொன்னதுதான் சரி. போய்விட்டார்.

நின்று பார்த்ததற்கு நன்றி.

அண்ணி


மே 2

அண்ணிக்கு,

நாலு வரிதானா? திட்டியாவது எழுதுங்கள். உங்கள் திட்டுக்குப் பழகினவளுக்கு இந்த நன்றி ஒத்துக்கொள்ளவில்லை.

சாப்பிடுகிறீர்களா? இரவில் தூக்கம் வருகிறதா? உங்கள் மகளின் போன் நம்பர் என்னிடம் இல்லை, இருந்தால் அவளையாவது கேட்பேன். கடைசியாக அவளைப் பார்த்தபோது பள்ளிச் சீருடையில் இருந்தாள். என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் போய்விட்டாள். குறை சொல்லவில்லை, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி செய்தாள்.

பதில் போடுங்கள். ஒரு வரியாவது.

பாப்பா


மே 20

அடி பாப்பா,

திட்டவில்லை என்று ஏங்கிப் போய்விட்டாயா? இந்தா வாங்கிக்கொள். உன்னை இல்லை, உன் அண்ணனை.

முதல் பத்து நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தேன். பதினொன்றாம் நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று தோன்றியது. இந்த மனுஷன் இந்நேரம் எங்கேயோ காப்பி குடித்துக்கொண்டிருப்பார்! சர்க்கரை போதவில்லை என்று எவளிடமோ முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பார்! வந்ததே எனக்குக் கோபம், எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், இன்னும் படுக்கவில்லை.

துரோகி. ஒரு வாய்ச் சண்டைக்கு ஊரை விட்டுப் போகிற ஆம்பளையும் ஒரு ஆம்பளையா? இருபத்தேழு வருஷம் ஒரு சிமென்ட் தூணுக்குப் பெண்டாட்டியாக இருந்திருக்கிறேன் பார், என்னை எதால் அடிப்பது? நல்ல கலரில் ஒரு சேலை உடுத்தவில்லை. சிரித்தால் தப்பு என்று சிரிக்கவில்லை. அவர் அங்கே இன்னொருத்தியோடு தொந்தி வளர்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு போய் மாம்பழக் கலரில் ஒரு சேலை எடுத்தேன். அவள் கடையிலேயே அழுதுவிட்டாள். "உனக்கு என்னடி வந்தது?" என்றேன். "இல்லம்மா, நீ பேரம் பேசி இத்தனை வருஷமாச்சு" என்றாள். முட்டி வலிக்கு டாக்டரிடம் போகலாம் என்று நானே சொல்லியிருக்கிறேன். நாலு தெருவுக்கு என் கதை தெரியும். "எங்க வீட்டுக்காரர் ஓடிட்டாரு, என் வாய்க்குப் பயந்து" என்று நானே முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். பேத்திக்கு அவரைப் போல மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசிக் காட்டினால் புரண்டு புரண்டு சிரிக்கிறாள்.

உன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நீ சின்னப் பெண், உள்ளதைச் சொன்னாய். ஒரு தடவை இங்கே வா. உன் அண்ணனை இரண்டு பேருமாகச் சேர்ந்து திட்டலாம், தனியாகத் திட்டினால் அவ்வளவு ருசியில்லை.

அண்ணி


ஜூன் 6

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் வைத்துப் படித்தேன். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் "என்னக்கா, சிரிக்கிறீங்களா அழுறீங்களா?" என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள். நெட்டையன் பதினொன்று என்று சொன்னது அண்ணன் காணாமல் போன அந்த வாரத்தில்தானே? ரோடு திறந்த பிறகு இல்லையே? வேறு ஏதாவது அடையாளம் சொன்னானா, பக்கத்தில் என்ன இருந்தது என்று?

சும்மாதான் கேட்கிறேன். சேலை விஷயம் கேட்டு ரொம்ப சந்தோஷம்.

பாப்பா


ஜூன் 15

பாப்பா,

உனக்கு என்ன வந்தது இப்போது? முடிந்துபோனதைத் தோண்டுகிறாய். ஆமாம், அந்த வாரத்தில்தான் சொன்னான், ரோடு வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால். அடையாளம் ஒன்றும் சொல்லவில்லை. பதினொன்று என்று மட்டும்தான். அந்த நெட்டையனும் ஓடிப்போன ஆள்தான், ஓடுகிறவர்களுக்குள் என்ன ஒற்றுமையோ.

முட்டி ஆபரேஷனுக்கு ஆகஸ்டில் நாள் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் நீ வந்துவிட்டுப் போ. பேத்தி உன் போட்டோ கேட்கிறாள். ஓடிப்போன தாத்தாவின் தங்கச்சி எப்படி இருப்பாள் என்று பார்க்க வேண்டுமாம்.

அண்ணி


ஜூலை 9

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உட்கார்ந்து படியுங்கள். பக்கத்தில் மகள் இருந்தால் நல்லது.

மே மாதக் கடைசியில், உடைத்துப் போட்ட பதினொன்றாம் தூணின் துண்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் சும்மா நின்று பார்த்தேன். ஒரு பெரிய துண்டில் வெள்ளைப் பெயின்ட் உரிந்திருந்தது. அதற்கு அடியில், கலவை வார்க்கும்போது சுற்றி அடைக்கிற சென்ட்ரிங் தகடு கான்கிரீட்டிலேயே பதித்த ஒரு எண் இருந்தது. இருபத்துமூன்று. இன்ஜினியர் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. "அதும்மா, முதல்ல துறைமுகத்துலேர்ந்து எண்ணியிருக்காங்க. அந்தப் பக்கம் வேண்டாம்னு ஆனதும் சந்தையிலேர்ந்து புதுசா ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிப் பெயின்ட் அடிச்சிருக்காங்க. எல்லாத் தூணுக்கும் ரெண்டு நம்பர் உண்டு" என்றாள். துறைமுகப் பக்கத்தை எப்போது கைவிட்டார்கள் என்று கேட்டேன். அண்ணன் காணாமல் போய் ஏழெட்டு மாதம் கழித்து.

நெட்டையன் சொன்ன பதினொன்று பழைய பதினொன்று அண்ணி. நீங்கள் உட்கார்ந்து பேசியது இருபத்துமூன்றாம் தூணிடம்.

பழைய பதினொன்று ரோட்டிலேயே இல்லை. சந்தைக்குள் ஆளுயரத்துக்கு ஒரு மொட்டைத் தூண் நிற்கும், பார்த்திருப்பீர்கள். காய்கறிக்காரர்கள் அதில் படுதாக் கயிறு கட்டுவார்கள். அதுதான். அடிமேடை போட்டு, மேலே கொஞ்சம் எழுப்பி, அப்படியே விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் நான் அதன் மேல் பையைச் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் பொறுக்குவேன். இத்தனை வருஷமாக.

புது ரோட்டின் மழைநீர்க் கால்வாய் அந்த வழியாகப் போகிறது, எப்படியும் உடைக்க வேண்டியதுதான். இன்ஜினியர் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போன வியாழக்கிழமை உடைத்தார்கள்.

மொட்டைத் தூணில் ஒன்றும் இல்லை. அடிமேடையை இரண்டு நாளில் இரண்டு அடுக்காகப் போட்டிருக்கிறார்கள், நடுவில் கோடு மாதிரி தெரிந்தது. மேல் அடுக்கைப் பிளந்ததும் ஒரு சைக்கிள் ஹாண்டில்பார் வந்தது. மேஸ்திரி கையைத் தூக்கி எல்லாவற்றையும் நிறுத்தினார். அதற்குப் பிறகு உளியை வைத்துக் கையாலேயே எடுத்தார்கள். முழுச் சைக்கிள். இடது பெடலில் ரப்பர் இல்லை.

கீழ் அடுக்கில் அண்ணன் இருந்தார்.

அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது. ஒன்று மட்டும் எழுதியாக வேண்டும். அவர் கீழே, சைக்கிள் மேலே. அவர் முதல் நாள், சைக்கிள் மறுநாள். நீங்கள் சாயங்காலம் சைக்கிளைப் பார்த்தது உண்மை. நான் அந்த ஆபீசில் வாயைத் திறக்கும்வரை சைக்கிள் வெளியில்தான் இருந்திருக்கிறது. ஓடிட்டாரு என்று நான் சொன்ன பிறகு, ஓடியவன் சைக்கிள் எதற்கு வெளியில் நிற்க வேண்டும் என்று எடுத்து உள்ளே போட்டு மூடியிருக்கிறார்கள். பொய் சொல்ல அவர்களுக்கு வழி தெரியவில்லை. நான் சொல்லிக்கொடுத்தேன்.

போலீஸ் வந்தார்கள். அந்தக் காண்டிராக்டர் செத்துப் பல வருஷம் ஆகிறதாம், மேனேஜர் எங்கே என்று தெரியவில்லையாம், விசாரிக்கிறோம் என்கிறார்கள். அண்ணன் நம் ஆஸ்பத்திரிப் பிணவறையில்தான் இருக்கிறார். சுற்றுவதற்குத் துணி கேட்டு ஆள் வந்தான். கறை படாத புது விரிப்பாகப் பார்த்து நானே இஸ்திரி போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

உங்களுக்குச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். மாம்பழக் கலர் சேலை, ஆகஸ்டில் ஆபரேஷன், பேத்தியோடு சிரிப்பு, எல்லாவற்றையும் நினைத்தேன். நானே அடக்கக் காரியம் எல்லாவற்றையும் முடித்துவிட்டால் உங்களுக்குத் தெரியவே போவதில்லை. சொல்லாமல் இருந்தால் உங்களுக்கு நல்லது. பிறகுதான் உறைத்தது, எனக்கும் அதுதான் நல்லது. உங்களுக்காக மறைக்கிறேனா எனக்காக மறைக்கிறேனா என்று என்னாலேயே பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு தடவை நான் சொன்ன பொய்யில் இருபத்தேழு வருஷம் கிடந்தார். இன்னொரு தடவை அவரை என் வாயால் மூட மாட்டேன்.

அண்ணன் ஓடவில்லை அண்ணி. நீங்கள் சொன்னதுதான் சரி.

பாப்பா


ஜூலை 17

பாப்பா,

மகள் வேலைக்குப் போன பிறகு தபால் வந்தது. தனியாகத்தான் படித்தேன். சாயங்காலம் அவள் வந்து விளக்கைப் போட்டபோதுதான் இருட்டிவிட்டது என்றே தெரிந்தது.

ஊரே கைகொட்டிச் சிரித்தபோதும் அவர் ஓடவில்லை என்று சொன்னவள் நான் ஒருத்திதான். இருபத்தேழு வருஷம் சொன்னேன். மூன்று மாதம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த மூன்று மாதத்தில்தான் அவர் வெளியே வந்திருக்கிறார். வியாழக்கிழமை என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? பேத்தியின் சினேகிதிகள் வந்திருந்தார்கள். "பாட்டி, ஓடிப்போன தாத்தா மாதிரி பண்ணிக் காட்டுங்க" என்றார்கள். வலிக்கிற முட்டியோடு எழுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்து ஓடுகிற மாதிரி நடித்துக் காட்டினேன். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் நடிக்கிற நேரத்தில் நீங்கள் அங்கே உளியால் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று ஒரு நிமிஷம் உன் மேல் ஆத்திரம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது. பிறகு அடங்கிவிட்டது.

நீ மன்னிப்புக் கேட்கவில்லை. கவனித்தேன். ஏப்ரலுக்கு முன்னால் நீ கேட்டிருந்தால் முகத்தில் காறித் துப்பியிருப்பேன். இப்போது எந்த வாயால் துப்புவேன்? நீ அந்த வார்த்தையை ஒரு தடவை சொன்னாய், இருபத்திரண்டு வயதில், அழுதுகொண்டே. நான் அதையே ஐம்பத்தாறு வயதில் தெருத்தெருவாகச் சொன்னேன், சிரித்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் மகளும் நானும் வருகிறோம். ஸ்டேஷனுக்கு வந்துவிடு. எனக்கு முன்னால் நீ தனியாகப் பிணவறைக்குப் போகாதே. அவர் எதிரில் தனியாகப் போய் நிற்க எனக்கு முகம் இல்லை, உனக்கும் இருக்காது. இரண்டு பேருமாகப் போவோம்.

அண்ணி